சட்டப்படி வேலையும் கண்ணோட்டமும்: மலையக ரயில் பாதையில் பயணச்சீட்டு அதிகாரம்

இலங்கைத் தொழிற்சங்கங்களின் பேச்சில் "சட்டப்படி வேலை" என்றொரு சொற்றொடர் உண்டு. வேலைநிறுத்தம் செய்யாமல் கடமைக்கு வந்து, விதிப்புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டும் ஓர் எழுத்தும் பிசகாமல் செய்வதுதான் அந்தப் போராட்டம். ரயில்வே ஊழியர்கள் அதில் இறங்கும் நாட்களில் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. சில ஓடாமலே போகின்றன. விதியை முழுதாகப் பின்பற்றுவதே நிர்வாகத்தை மிரட்டும் ஆயுதமாக இருக்குமானால், மற்ற நாட்களில் அந்த நிர்வாகம் விதியில் எழுதப்படாத ஏதோவொன்றின் துணையால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஏதோவொன்றுக்கு நம் நாட்டுச் சட்டத் தமிழில் தற்றுணிபு என்று பெயர். ஊழியர் ஒருவர் தம் முன்னால் இருக்கும் சூழ்நிலையைப் பார்த்து, சட்டம் அனுமதிக்கும் பல வழிகளில் ஒன்றைத் தாமே தெரிந்தெடுப்பது தற்றுணிபு. சட்டம் அனுமதிக்காத ஒன்றைக் கண்டும் காணாமல் விடுவது அதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்று. நடைமுறையில் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள கோடு, மலையகப் பாதையின் காலை மூடுபனியைப் போல, கிட்டப் போனால்தான் எங்கே இருக்கிறதென்று தெரியும்.

நாவலப்பிட்டிக்கும் பதுளைக்கும் இடையே ஓடும் வண்டிகளில் பயணச்சீட்டுப் பரிசோதகர், வண்டிக் காப்பாளரான கார்ட், நிலைய அதிபர் ஆகியோர் அன்றாடம் செலுத்தும் இந்த அதிகாரத்தைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்கமாக இதை இரண்டு விதமாகப் பேசுகிறோம். நமக்குச் சாதகமாக நடந்தால் "நல்ல மனுசன்" என்கிறோம். பாதகமாக நடந்தால் "ஆளைப் பார்த்துச் செய்கிறார்கள்" என்கிறோம். இரண்டுமே ஊழியரின் குணத்தைப் பற்றிய பேச்சு. ஆனால் இந்தப் பாதையில் தற்றுணிபு தேவைப்படும் சந்தர்ப்பங்களில் மிகப் பெரும்பாலானவை எவருடைய குணத்தாலும் உண்டானவை அல்ல. பாதை அமைந்த விதமும், சிறிய நிலையங்களில் வேலை நடக்கும் முறையும், பெட்டிகளில் இடம் பங்கிடப்படும் வகையும் அவற்றை உண்டாக்குகின்றன.

முதலில் தண்டப்பணத்தைப் பார்ப்போம். ரயில் பயணத்துக்கான அடிப்படைச் சட்டம் 1902ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் புகையிரதக் கட்டளைச் சட்டம். அதன் பின் வந்த திருத்தங்களின்படி, பயணச்சீட்டின்றிப் பயணிப்பவரிடம் அண்மைய ஆண்டுகளில் அறவிடப்பட்டு வரும் தொகை 3,000 ரூபாவும், அதற்கு மேல் கட்டணத்தின் இரு மடங்கும் ஆகும். கட்ட மறுப்பவர் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு நீதவான் நீதிமன்றம் வரை போக நேரலாம். 2022இல் கட்டணங்கள் உயர்த்தப்பட்டபோது மூன்றாம் வகுப்பின் ஆகக் குறைந்த கட்டணம் 20 ரூபாவானது. ஆக, கொட்டகலையில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்குபவர் செலுத்தத் தவறிய தொகைக்கு 150 மடங்கு தண்டம் விழுகிறது. கொழும்பிலிருந்து பதுளை வரை 290 கிலோமீற்றர் இலவசமாகப் பயணிக்க முயன்றவருக்கும் அதே 3,000 ரூபாதான். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டதை இதனருகே வைத்துப் பார்த்தால், 2024இன் கணக்கிலும் அந்தத் தண்டம் இரண்டு நாள் கொழுந்துக்கு மேல் வந்தது.

தண்டம் இப்படி ஒரே அளவில் நிற்கும்போது அதை விதிக்கும் கை தயங்குகிறது. இருபது ரூபாத் தவறுக்கு மூவாயிரம் ரூபா எழுதுவது மனிதருக்குக் கூச்சம் தரும் காரியம். ஆகையால் பரிசோதகர் பலமுறை எதையும் எழுதாமல், அதட்டிவிட்டு அப்பால் நகர்கிறார். தண்டத்தைக் கடுமையாக்கினால் ஒழுங்கு கூடும் என்ற எண்ணத்தில் உயர்த்தப்படும் தொகை, விதிக்கப்படும் சந்தர்ப்பங்களைக் குறைத்து, யாருக்கு விதிப்பது, யாரை விடுவது என்ற தெரிவின் கனத்தைக் கூட்டிவிடுகிறது. சிறிய தவறுக்குச் சிறிய தண்டம் என்று படிகள் இருந்திருந்தால் பரிசோதகர் படியைத் தேடினால் போதும். படி இல்லாத இடத்தில் அவர் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

பயணச்சீட்டில்லாமல் ஒருவர் எப்படி வண்டிக்குள் வந்து சேர்கிறார் என்ற கேள்விக்கு, ஏமாற்றுவதற்காக என்று மட்டும் விடை சொல்வோர் சிறிய நிலையமொன்றில் காத்திருந்து பார்த்திராதவர்கள். 1864இல் அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் பாதை வந்து சேர்ந்தது. கோப்பிக்காகத் தொடங்கித் தேயிலைக்காக நீட்டப்பட்ட இந்தப் பாதையில் நிலையங்கள் ஊர்களுக்காக வைக்கப்பட்டதைவிடத் தோட்டங்களுக்காக வைக்கப்பட்டவையே அதிகம். மலையேறத் தொடங்கிய பின் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் ஒரே துண்டில் சந்தித்துவிடாமல் காப்பதற்கு டெப்லட் முறை இன்னும் இங்கே புழக்கத்தில் இருக்கிறது: அடுத்த நிலையத்தோடு மணியடித்துப் பேசி, கருவியிலிருந்து ஓர் உலோகத் தகட்டை எடுத்து, வளையம் கோத்த பையில் இட்டு, அதைச் சாரதியின் கையில் கொடுத்தால்தான் வண்டி அந்தத் துண்டுக்குள் நுழையலாம். சிறிய நிலையத்தில் அந்த வேலையைச் செய்பவரும், பயணச்சீட்டு விற்பவரும், வண்டி வந்தபின் வாயிலில் நின்று பயணச்சீட்டைத் திரும்ப வாங்குபவரும் பல வேளைகளில் ஒரே ஆள்தான்.

வண்டி பக்கத்து நிலையத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்ததும் அவர் கவுண்டரை மூடிவிட்டு மேடைக்கு வர வேண்டும். உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடைய வேலை அது, இருபது ரூபாப் பயணச்சீட்டுக்காக அதைத் தள்ளிப்போட முடியாது. சரியாக அந்த நேரத்தில்தான் தோட்டத்திலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி வரும் தாய் ஒருத்தி நாவலப்பிட்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போக மூச்சிரைக்க வந்து நிற்கிறாள். அடுத்த வண்டி சில மணி நேரத்துக்குப் பிறகு. நிலைய அதிபர் "ஏறிக்கொள்ளுங்கள், இறங்கும் இடத்தில் சொல்லுங்கள்" என்று கையைக் காட்டுகிறார். அந்தக் கையசைவு ஒரு தற்றுணிபு. ஆனால் அதற்குச் சாட்சியாகத் துண்டுக் காகிதம் ஒன்றும் அவளிடம் இல்லை. இரண்டு நிலையம் கழித்து ஏறும் பரிசோதகருக்கு அந்தக் கையசைவு தெரியாது. "கவுண்டர் மூடியிருந்திச்சு சேர், அந்தச் சேர்தான் ஏறச் சொன்னாரு" என்று அவள் சொல்வதும், நானுஓயாவிலிருந்தே ஏமாற்றி வரும் ஒருவன் அதே சொற்களைச் சொல்வதும் பரிசோதகரின் காதில் ஒன்றுபோலவே விழும். ஒருவர் காட்டிய இரக்கத்தை அடுத்தவர் நம்ப வேண்டியிருக்கிறது; நம்புவதற்கு அவரிடம் இருப்பது அவளுடைய முகம் மட்டுமே.

இந்த இடத்தில் தமிழில் வழங்கும் இரண்டு பழைய சொற்கள் எனக்கு உதவுகின்றன. இன்று பார்வைக் கோணம் என்ற பொருளில் வழங்கும் கண்ணோட்டம், பழந்தமிழில் இரக்கத்தோடு பார்த்தலைக் குறித்தது: எதிரே நிற்பவரின் நிலையை அறிந்து, கடமையும் கெடாமல், சலுகை காட்டும் பண்பு. முகதாட்சண்யம் என்பது வேறு. தெரிந்த முகம், வேண்டிய முகம், பகைத்துக்கொள்ள முடியாத முகம் என்பதற்காக வளைந்து கொடுப்பது. தற்றுணிபைக் குறித்து நாம் நடத்தும் வாக்குவாதம் முழுவதும் இவ்விரண்டையும் பிரித்தறியும் முயற்சிதான். கண்ணோட்டம் சூழ்நிலையைப் பார்க்கிறது. முகதாட்சண்யம் ஆளைப் பார்க்கிறது. ஆனால் நெரிசலான மூன்றாம் வகுப்புப் பெட்டியில், வண்டி வளைவில் சாயும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சூழ்நிலையைச் சரிபார்க்க வேறு வழியே இல்லாத ஒரு பரிசோதகருக்கு, சூழ்நிலையைச் சொல்லும் ஒரே சான்று ஆளின் முகமாக இருக்கும்போது, கண்ணோட்டம் தானாகவே முகதாட்சண்யமாகச் சரிந்துவிடுகிறது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல.

பெட்டிகளின் வகுப்புப் பிரிவு இன்னொரு வகையான சிக்கல். உடரட்ட மெனிகே, பொடி மெனிகே போன்ற வண்டிகளில் முன்பதிவுப் பெட்டிகளும் பதிவில்லாப் பெட்டிகளும் ஒரே வண்டியில் கோக்கப்பட்டிருக்கும். நானுஓயாவுக்கும் எல்லவுக்கும் இடைப்பட்ட பகுதி உலகப் புகழ் பெற்ற பிறகு, அந்தப் பகுதியின் முன்பதிவு ஆசனங்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்கே அரிதாகிவிட்டன. 2024இன் இறுதியில் எல்ல ஒடிசி என்ற சுற்றுலா வண்டியின் இணையவழிப் பயணச்சீட்டுகள் 42 விநாடிகளில் விற்றுத் தீர்ந்ததாகச் செய்திகள் வெளியாகி, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கி, கைதுகளும் நடந்தன. முன்பதிவின்போது தேசிய அடையாள அட்டை இலக்கத்தையோ கடவுச்சீட்டு இலக்கத்தையோ கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அக்காலத்தில்தான் வந்தது. வாங்கியவரும் பயணிப்பவரும் ஒருவர்தானா என்று பார்க்கும் வேலை அப்போது வண்டிக்குள் வந்து சேர்ந்தது. இணையத்தில் நடந்த மோசடிக்கான காவலை, கடைசியில், ஆடும் பெட்டிக்குள் நிற்கும் ஒரு ஊழியரின் தலையில் கட்டினோம் என்றும் இதைச் சொல்லலாம்.

இனி இப்படியொரு காட்சியை எண்ணிப் பாருங்கள். அட்டனில் மழை கொட்டுகிறது. பதிவில்லா மூன்றாம் வகுப்பில் கால் வைக்க இடமில்லை. மிதிபலகையில் வெளிநாட்டு இளைஞர்கள் இருவர் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கையில் மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருக்கும் முதியவர் ஒருவர் பக்கத்து முன்பதிவுப் பெட்டியின் வாசலில் ஏறி, கழிவறையை ஒட்டிய இடத்தில் பையைக் கீழே வைத்து ஒதுங்கி நிற்கிறார். அதே பெட்டியில், பதிவில்லாப் பயணச்சீட்டோடு ஏறி, காலியாகக் கிடந்த ஆசனத்தில் அமர்ந்துவிட்ட வெளிநாட்டுத் தம்பதியும் இருக்கிறார்கள். விதிப்படி மூவரும் ஒன்றே: மூவரிடமும் அந்தப் பெட்டிக்கு உரிய சீட்டு இல்லை. பரிசோதகர் முதியவரை "அடுத்த ஸ்டேஷன்ல மாறிக்கொள்ளுங்க" என்று அனுப்பலாம். தம்பதியிடம் வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு இருக்க விடலாம். அல்லது தம்பதியைச் சிரித்த முகத்தோடு விட்டுவிட்டு, முதியவரைப் பார்த்துச் சத்தம் போடலாம். இந்தக் கடைசி வழி நடப்பதை மலையகத்தில் ரயிலேறியவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். காரணத்தை ஆராய்ந்தால் இனத்துவேசம் என்ற ஒரே சொல்லில் அது அடங்காது. வெளிநாட்டவரோடு வாதாட ஆங்கிலம் வேண்டும். அவர் தொலைபேசியை உயர்த்திக் காணொளி எடுக்கக்கூடும். அது மறுநாள் நாட்டின் சுற்றுலாப் பெயரைக் கெடுத்ததாகப் பரிசோதகரின் தலையில் விழக்கூடும். முதியவர் எதுவும் செய்யமாட்டார். எதிர்ப்பு எந்தப் பக்கம் குறைவாக வருமோ அந்தப் பக்கம்தான் விதி இலகுவாக ஓடும், தண்ணீர் பள்ளத்தை நாடுவதைப் போல.

மற்றச் சந்தர்ப்பங்கள் சிறியவை. மூன்று வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைக்கு அரைக் கட்டணம். ஆனால் பிள்ளையின் வயதை யாரும் பிறப்புச் சான்றிதழோடு காட்டுவதில்லை, உயரத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். போசாக்குக் குறைவால் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் தோட்டப் பகுதிகளில் அதிகம் என்பதால் இந்த ஊகம் இங்கே பெற்றோருக்கு ஆதாயமாகவே முடிகிறது. இதை எழுதும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. பருவச்சீட்டை வீட்டில் மறந்து வந்த பாடசாலை மாணவனை நிலைய அதிபருக்குப் பெரும்பாலும் முகத்தாலேயே தெரியும். அரச ஊழியர்கள் இலவசப் பயணத்துக்காக ஆண்டுக்கு மூன்று முறை பெறும் ஆணைச்சீட்டான ரயில் வொரண்டை நிலையத்தில் கொடுத்துப் பயணச்சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்ற நேரமின்றி வொரண்டோடு ஏறிய ஆசிரியையை எந்தப் பரிசோதகரும் திருடியாகப் பார்ப்பதில்லை. கட்டணத்தை அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு அவள் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. கிளினிக்குக்குப் போன தாயிடம் இல்லாதது அந்தக் காகிதந்தான்.

காகிதம் என்று வரும்போது மலையகத் தமிழர்களின் பழைய நினைவு ஒன்றைத் தொடாமல் இருக்க முடியாது. அவர்களின் முன்னோர் கையில் இருந்த முதல் "டிக்கெட்" தகரத்தால் ஆனது. 1901இல் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு முறையின்படி, தமிழகத்திலிருந்து புறப்படும் தொழிலாளிக்கு, அவர் போக வேண்டிய தோட்டத்தைக் காட்டும் இலக்கங்கள் துளையிடப்பட்ட தகரத் துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது. வழிச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார் வழி திறந்த பின் அந்தத் துண்டோடு ரயிலேறியே பலர் மலைக்கு வந்தார்கள். அது பயண உரிமைக்கான அடையாளமாகவும், யாருக்குச் சொந்தமான உழைப்பு என்பதற்கான அடையாளமாகவும் இருந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. காகிதத்தைத் தேடி அலைவதே இரண்டு மூன்று தலைமுறைகளின் வாழ்க்கையாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் கதறி விடைபெற்றதும் இதே பாதையின் நிலைய மேடைகளில்தான். போர்க் காலத்தில் தமிழர் ஒருவரிடம் வண்டியில் கேட்கப்பட்டது பயணச்சீட்டு மட்டுமல்ல, அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும்.

ஆகவே சீருடை அணிந்த ஒருவர் பெட்டிக்குள் ஏறி கையை நீட்டும்போது இந்தச் சமூகத்தில் வயது முதிர்ந்த ஒருவர் சட்டென்று எழுந்து நிற்பதும், சரியான பயணச்சீட்டு மடியில் இருந்தும் பதறித் தேடுவதும், சிங்களத்தில் "மாத்தயா" (ஐயா) என்று குரல் தாழ்வதும் வெறும் கூச்சம் அல்ல. அந்தப் பதற்றம் குற்ற உணர்வாகத் தவறாக வாசிக்கப்படுகிறது. தெளிவாக, நேராகக் கண்ணைப் பார்த்து விளக்கம் சொல்பவர் நேர்மையானவர் என்றும், தடுமாறுபவர் எதையோ மறைக்கிறார் என்றும் எண்ணுவது மனித வழக்கம். விளக்கத்தைத் தம் தாய்மொழி அல்லாத மொழியில் சொல்ல வேண்டியவர் இயல்பாகவே தடுமாறுவார். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. வண்டிக்குள் நடக்கும் இரண்டு நிமிட உரையாடலுக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. சிங்களத்தில் சரளமாகப் பேசி நகைச்சுவையாகச் சமாளிக்கத் தெரிந்த தமிழ் இளைஞனுக்குக் கிடைக்கும் சலுகை, அவனுடைய பாட்டிக்குக் கிடைப்பதில்லை. விதியை எல்லோருக்கும் ஒரேயடியாக அமுல்படுத்தும்போது மொழி அவ்வளவு முக்கியமில்லை. 3,000 ரூபா எந்த மொழியிலும் 3,000 ரூபாதான். விளக்கம் கேட்டு முடிவெடுக்கும்போதுதான் மொழி பணமாகிறது.

இதற்காகத் தற்றுணிபையே ஒழித்துவிடலாம் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு இங்கிலாந்தின் அனுபவத்தைக் காட்ட வேண்டும். அங்கே 2023 ஜனவரி முதல் தண்டக் கட்டணம் 100 பவுண். 21 நாட்களுக்குள் கட்டினால் பாதி. பல நிலையங்களில் இயந்திரங்கள், கமராக்கள், தானியங்கி வாயில்கள். 2024இல் இளைஞர் ஒருவர், காலை நேரத்துக்குப் பொருந்தாத சலுகைச் சீட்டோடு பயணித்து, 1 பவுண் 90 பென்ஸ் மட்டும் குறைவாகச் செலுத்தியிருந்ததற்காக வழக்குத் தொடரப்படும் என்று எச்சரிக்கப்பட்டார். விடயம் ஊடகங்களுக்கு வந்த பிறகே நிறுவனம் பின்வாங்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில், விரைவான நீதிமன்ற வழிமுறையொன்றின் மூலம் ரயில் நிறுவனங்கள் தொடுத்த ஏறத்தாழ 74,000 வழக்குகள், அந்த வகைக் குற்றங்களுக்கு அந்த வழிமுறையைப் பயன்படுத்த நிறுவனங்களுக்கு அதிகாரமே இல்லை என்பதால், செல்லுபடியற்றவை என்று தலைமை நீதவான் தீர்ப்பளித்தார். 2025 ஜூனில் ரயில் ஒழுங்குமுறை அலுவலகம் வெளியிட்ட மீளாய்வு, ஒரே தவறு நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு விதமாகக் கையாளப்படுவதை எடுத்துக்காட்டியது. வண்டிக்குள் நிற்கும் ஊழியரின் கையிலிருந்து முடிவை எடுத்தால் அது அலுவலகத்தில் இருக்கும் ஒருவரின் கைக்கோ கணினியின் கைக்கோ போகிறது. அங்கேயும் தெரிவு நடக்கிறது. பயணியின் முகம் மட்டும் தெரிவதில்லை.

ஆனால் அதே நாட்டின் விதிகளில் நம் பாதைக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்று இருக்கிறது. ஏறிய நிலையத்தில் பயணச்சீட்டு வாங்க வசதி இருக்கவில்லை என்றாலோ, அதிகாரம் பெற்ற ஊழியர் ஏறிக்கொள்ள அனுமதித்தார் என்றாலோ, தண்டம் விதிக்கக் கூடாது என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இன்னொரு படி மேலே போகிறது. பயணச்சீட்டில்லாத ஒருவர் ஊழியரின் அனுமதியோடு ஏறினால், பின்னர் கட்டணம் செலுத்தும் நிபந்தனையில் அவர் அனுமதிக்கப்பட்டதாக அந்த ஊழியரிடமிருந்து ஒரு சான்று பெற்றுக்கொள்வது சாதாரண முறை என்று அதன் 55ஆம் பிரிவு சொல்கிறது. ஏமாற்றும் நோக்கோடு பயணிப்பதை 137ஆம் பிரிவும், நோக்கமின்றிப் பயணச்சீட்டில்லாமல் இருப்பதை 138ஆம் பிரிவும் தனித்தனியே கையாள்கின்றன. கட்ட மறுப்பவரை இறக்கிவிடும் அதிகாரத்தைத் தரும் 139ஆம் பிரிவு, ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ பிள்ளையையோ நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது, அவர்கள் ஏறிய நிலையம், சந்தி நிலையம், முடிவிடம், மாவட்டத் தலைநகர நிலையம் ஆகியவற்றில் மட்டுமே, அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம் என்று வரம்பு கட்டுகிறது. இருட்டிய பிறகு ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில், கடுங்குளிரில், பட்டிபொல நிலைய மேடையில் ஒரு பெண்ணைப் பிள்ளையோடு இறக்கிவிடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று நம் பரிசோதகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அநேகமாக எவரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஆனால் அந்த இரக்கம் இந்தியப் பெண்ணுக்கு உரிமையாகக் கிடைக்கிறது. உரிமையாகக் கிடைத்ததற்கு நன்றி சொல்லிக் கும்பிட வேண்டியதில்லை. மலையகத்தில் "மாத்தயா" என்று தாழும் குரலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

எழுத்தில் வராத தற்றுணிபுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. முழுத் தண்டத்துக்கும் முழு மன்னிப்புக்கும் நடுவே சட்டம் விட்டுவைத்த வெளியைப் பணம் நிரப்பிவிடுகிறது. மூவாயிரத்துக்குப் பதில் ஐந்நூறு, பற்றுச்சீட்டு இல்லாமல். பயணிக்கு இலாபம், வாங்கியவருக்கு இலாபம், நட்டம் திறைசேரிக்கு மட்டும். இதை ஒழுக்கக் குறைவு என்று மட்டும் பார்த்தால், கண்காணிப்பைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி தோன்றாது. அந்த ஐந்நூறையே சட்டபூர்வமான ஒரு படியாக வைத்து, பற்றுச்சீட்டோடு வாங்கும் முறை இருந்தால், பேரம் பேச இடமே குறைந்துவிடும் என்பது என் கருத்து. குறுந்தூரத்துக்கும் முதல்முறைத் தவறுக்கும் குறைந்த தண்டம்; தாமாக முன்வந்து சொல்பவருக்குக் கட்டணம் மட்டும்; ஒளிந்து பிடிபட்டவருக்கும் போலிச் சீட்டுக்காரருக்கும் முழுத் தொகை. இப்படி வகுத்த பிறகும் பரிசோதகரின் தீர்மானத்துக்கு நிறைய இடம் மிஞ்சும்.

ஊழியர்களின் பக்கத்திலிருந்து இதற்கு வரக்கூடிய மறுப்பு பொருட்படுத்தத்தக்கது. எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் எழுதுவதற்கு ஆள் எங்கே? பரிசோதகர் ஒருவர் ஒரு பெட்டியை முடித்து அடுத்த பெட்டிக்குப் போவதற்குள் வண்டி இரண்டு நிலையங்களைத் தாண்டிவிடும். பண்டிகைக் காலத்தில் தலவாக்கலையில் ஏறுபவர் பெட்டிக்குள் நகரவே முடியாது. எழுதி வைத்த சலுகை அடுத்த கணக்காய்வில் அவருக்கு எதிரான சாட்சியாக மாறும் என்ற அச்சமும் இருக்கிறது. சலுகை காட்டாதவரை எந்தக் கணக்காய்வும் ஏனென்று கேட்பதில்லை. சலுகையை எழுதினால் தண்டனை இல்லை என்ற உறுதி மேலிடத்திலிருந்து வராதவரை, கையசைவு கையசைவாகவே இருக்கும்.

இருந்தாலும் சிறிய நிலையத்தில் எழுதுவதற்குப் பழக்கப்பட்ட கை ஏற்கெனவே இருக்கிறது. டெப்லட் பெற்ற நேரமும், வண்டி வந்த நேரமும், விட்ட நேரமும் நிலையத்துப் பதிவேட்டில் நிமிடம் பிசகாமல் எழுதப்படுகின்றன. ஒற்றைத் தண்டவாளத்தில் உயிர்கள் அந்தப் பதிவேட்டை நம்பியே போகின்றன. கவுண்டர் மூடிய நேரத்துக்கும், பயணச்சீட்டின்றி ஏற அனுமதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கும் அதே பக்கத்தில் இரண்டு நிரல்கள் ஒதுக்கினால், "அந்தச் சேர்தான் ஏறச் சொன்னாரு" என்று ஒரு தாய் சொல்லும்போது, பரிசோதகர் அவளுடைய முகத்தைப் படிக்கத் தேவையில்லை. அடுத்த நிலையத்தில் வண்டி நிற்கும் இரண்டு நிமிடத்தில், அந்த நிலைய அதிபரிடம் சொல்லி, பின்னால் உள்ள நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும்: ஏழு இருபதுக்கு மூடினீர்களா, இரண்டு பேரை ஏற்றினீர்களா என்று. அவளிடம் இருபது ரூபாவை வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் அடுத்த ஆசனத்துக்குப் போகலாம்.